உள்ளே உராய்வது எது? இரும்பின் அக உராய்வும் ஒரு கலைச்சொல்லின் வரலாறும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் வேறு; அதன் இயல்புக்குக் காரணம் காட்டுதல் வேறு. இரும்பையும் எஃகையும் தமிழ் பண்டே தனித்தனிச் சொற்களால் குறித்தது. சங்க நூல்களில் எஃகு என்னும் சொல் கூரிய படைக்கருவியையும் குறித்து நின்றது. ஆனால் இரும்பினின்று எஃகை வேறுபடுத்துவது அதனுட் கலந்த சிறிதளவு கரிமமே என்பது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயிற்று. சுவீடன் நாட்டு வேதியியலார் பெரிமன் 1781இல் அதற்கு வழிகாட்டினார். பிரான்சு நாட்டின் வாந்தர்மோந்து, பெர்த்தொலே, மோஞ்சு ஆகிய மூவரும் 1786இல் அதனை நிலைநாட்டினர். பெயர் முன்னே பிறந்தது. விளக்கம் மிகப் பிந்தி வந்தது. எனினும் அப்பெயரால் எவரும் வழிதவறவில்லை. எஃகு என்னும் சொல் எக்காரணத்தையும் தன்னுள் சுமந்து நிற்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இதற்கு மாறான வரலாறு ஒன்றும் உண்டு. அதிரும் உலோகம் தன் ஆற்றலைத் தனக்குள்ளேயே இழக்கும் இயல்பை ‘அக உராய்வு’ என்கிறோம். இச்சொல் விளக்கத்திற்கு முன்பே பிறந்தது. பிறக்கும்போதே ஒரு காரணத்தையும் சுமந்து வந்தது. உள்ளே ஏதோ ஒன்றோடொன்று உராய்கிறது என்பது அதன் பொருள். உண்மையில் நிகழ்வது என்ன என்பதை அறிய அறிவியலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்நூற்றாண்டின் கதையையும், அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் நமக்கு அது தரும் பாடத்தையும் இவ்வுரையில் காண்போம்.

1. அசைவு ஏன் அடங்குகிறது?

ஓர் இரும்புக் கம்பியின் மேல்முனையை இறுகப் பற்றிக் கீழ்முனையில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, எடையைச் சற்றே திருகி விடுவோம். அது வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பும். இதனையே இயற்பியல் முறுக்கு ஊசல் என்கிறது. அலைவின் வீச்சு சிறிது சிறிதாகக் குறைந்து இறுதியில் ஊசல் நின்றுவிடும். காற்றின் தடை ஒரு காரணம் எனலாம். காற்றை வெளியேற்றிவிட்டாலும் ஊசல் அடங்கவே செய்கிறது. எனவே ஆற்றலின் ஒரு பகுதி கம்பிக்குள்ளேயே வெப்பமாக மாறுகிறது என்று கொள்ள வேண்டும்.

மின்னூட்டங்களைப் பற்றிய விதியால் மாணவர்க்கு அறிமுகமான கூலும், 1784இல் கம்பிகளின் முறுக்கத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்விலேயே இவ்வடங்குதலைக் கருதிப் பார்த்தார். 1835இல் செருமனியின் கோட்டிங்கனில் வெபர் காந்தங்களைத் தொங்கவிடப் பட்டிழைகளைப் பயன்படுத்தியபோது புதியதொன்றைக் கண்டார். எடையை ஏற்றியவுடன் இழை நீண்டது. அதன்பின்னும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. எடையை நீக்கியவுடன் பெரும்பகுதி சுருங்கியது. எஞ்சிய பகுதி காலம் எடுத்துக்கொண்டு சுருங்கியது. இழை தன் பழைய நீளத்தை மறக்கவில்லை. அதனை அடையத் தாமதித்தது. இதற்குச் செருமானியர் இட்ட பெயர் ‘மீட்சியின் பின்விளைவு’ என்னும் பொருளுடையது. கண்டதை மட்டும் கூறி, காணாத காரணத்தைக் கூறாது நின்ற நல்ல பெயர் அது.

1865இல் கிளாசுகோவில் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, உலோகக் கம்பிகளைக் கொண்டு இத்துறையை விரிவாக ஆராய்ந்தார். நெடுநேரம் அதிரவிட்ட கம்பி, ஓய்வு பெற்ற கம்பியைவிட விரைவில் அடங்குவதைக் கண்டு, கம்பிக்கும் களைப்பு உண்டு என்று கூறினார். அவர் தம் ஆய்வுக்கு இட்ட தலைப்பில் உலோகங்களின் ‘பாகுநிலை’ என்னும் சொல்லைக் கையாண்டார். தேனும் எண்ணெயும் மெல்ல ஓடுவதற்குக் காரணமான பண்பின் பெயர் திண்மையான இரும்பிற்கு ஏற்றப்பட்டது.

இங்குச் சொற்பொருள் மாற்றத்தின் ஒரு படியைக் கவனிக்க வேண்டும். ‘அக உராய்வு’ என்னும் தொடரும் முதலில் பாய்மங்களுக்கே உரியதாயிருந்தது. இசுட்டோக்சு 1845இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே ‘இயங்கும் பாய்மங்களின் அக உராய்வு’ என்னும் கருத்து இடம்பெற்றது. பாய்மத்தில் ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்கு வழுக்கிச் செல்கிறது. அங்கு உராய்வு என்னும் சொல் பொருந்தும். அச்சொல்லைத் திண்மத்திற்குக் கடனாகப் பெற்றபோது, அடுக்குகள் வழுக்குகின்றன என்னும் உருவகமும் உடன் வந்தது. பழகிய உருவகம் விரைவில் விளக்கமாகத் தோற்றமளிக்கத் தொடங்கிவிடும்.

2. இரும்புப் படிகத்தின் இடைவெளிகள்

உருவகம் கலைந்த வரலாறு ஆலந்து நாட்டின் ஐந்தோவனில் தொடங்குகிறது. அங்கு பிலிப்சு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்நூக் என்னும் இயற்பியலாளர் காந்தப் பொருள்களை ஆராய்ந்துவந்தார். காந்தப்புலத்தை மாற்றியபோது இரும்பின் காந்தத் தன்மை உடனே முழுமையாக மாறாது பின்தங்கியது. அவ்விரும்பை ஈரமான ஐதரசன் வளியில் சூடாக்கி, அதிலிருந்த மிகச் சிறிதளவு கரிமத்தையும் நைட்ரசனையும் நீக்கினார். பின்தங்கல் மறைந்தது. சிறிதளவு கரிமத்தையோ நைட்ரசனையோ மீண்டும் சேர்த்தார். பின்தங்கல் திரும்ப வந்தது. 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இதே அணுக்கள் இரும்பின் மீட்சித்தன்மையிலும் இதே விளைவைத் தருவதை விளக்கியது.

அவர் தந்த விளக்கத்தை ஒரு கனச்சதுரத்தைக் கொண்டு காண்போம். அறை வெப்பநிலையில் இரும்பணுக்கள் பொருள்மையக் கனச்சதுர அமைப்பில் அடுங்கியுள்ளன. எட்டு மூலைகளிலும் எட்டு அணுக்கள். நடுவில் ஓர் அணு. கரிம அணு இரும்பணுவைவிடச் சிறியது. ஆகவே அது இரும்பணுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், அணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் புகுந்து தங்குகிறது. விளிம்புகளின் நடுப்புள்ளிகளும் முகங்களின் மையங்களும் அத்தகைய இடங்கள். இவ்விடம் எல்லாத் திசையிலும் ஒரே அகலமுடையதன்று. இரண்டு இரும்பணுக்கள் மிக அருகிலும், நான்கு சற்றுத் தொலைவிலும் உள்ளன. உள்ளே புகும் கரிமம் அருகிலுள்ள இரண்டையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது. அத்திசை நீளவாக்கில் இருக்கலாம், அகலவாக்கில் இருக்கலாம், உயரவாக்கிலும் இருக்கலாம். இவ்வாறு மூவகை இடங்கள் உள்ளன. இரும்பின்மீது எவ்விசையும் செயற்படாதபோது கரிம அணுக்கள் மூவகை இடங்களிலும் சமமாகப் பரவியிருக்கும்.

இப்போது இரும்பை நீளவாக்கில் இழுப்போம். நீளவாக்கு இடங்கள் சற்றே விரிகின்றன. ஏனைய இடங்களில் இருந்த கரிம அணுக்களிற் சில அருகிலுள்ள அவ்விடங்களுக்குத் தாவுகின்றன. தாவியவை இரும்பை மேலும் சிறிது நீட்டுகின்றன. இழுவையை நீக்கினால் அவை மீண்டும் மூவகை இடங்களிலும் சமமாகப் பரவுகின்றன. இரும்பும் பழைய அளவுக்கு முற்றிலும் திரும்புகிறது. தாவுவதற்குக் காலம் வேண்டும் என்பதே வெபர் கண்ட தாமதத்துக்கு இரும்பிற் கிடைத்த விளக்கம். இங்கு அடுக்கின்மேல் அடுக்கு உராயவில்லை. அணுக்கள் இடம் மாறி அமர்கின்றன.

ஆற்றல் எப்போது மிகுதியாக இழக்கப்படும் என்பதைத் தாளத்தைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். பாட்டுக்குத் தாளம் போடும் கூட்டத்தில் கைதட்டாமல் இருப்பவரால் தாளம் கெடுவதில்லை. காலம் தவறாது தட்டுபவராலும் கெடுவதில்லை. சற்றே பின்தங்கித் தட்டுபவரால்தான் கெடுகிறது. குளிர்ந்த இரும்பில் கரிம அணுக்கள் மிக அரிதாகவே தாவுகின்றன. ஒவ்வோர் அலைவிலும் அவை ஏறத்தாழ அசையாதிருக்கின்றன. மிகச் சூடான இரும்பில் அவை உடனுக்குடன் தாவி, அலைவோடு ஒத்துப்போகின்றன. இடைப்பட்ட வெப்பநிலையில் அவை அலைவுக்குப் பின்தங்குகின்றன. அப்போது இழப்பு உச்சத்தை அடைகிறது. நொடிக்கு ஓர் அலைவு என்னும் வேகத்தில், கரிமத்துக்குரிய உச்சம் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலும், நைட்ரசனுக்குரியது அதற்கும் கீழே 20 பாகையை அடுத்தும் தோன்றுகின்றன. இதனை ஸ்நூக் உச்சம் என்பர்.

இக்கணக்கிலிருந்து வியப்பானதொரு செய்தி பெறப்படுகிறது. நம் நாட்டு நண்பகல் வெப்பத்தில், இரும்பினுள் கரைந்துள்ள ஒரு கரிம அணு சராசரியாக நொடிக்கு ஓரிரு முறை தன் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. திண்மையின் உருவாக நாம் எண்ணும் பொருளுக்குள் இத்தனை நடமாட்டம்.

3. செனரின் சொல்லும் கெயின் ஊசலும்

செனர் டையோடு என்னும் மின்னணுக் கருவியின் பெயரை மாணவர் அறிவர். அப்பெயருக்குரிய அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்சு செனர் உலோகங்களின் அக உராய்வை ஆழ்ந்து ஆராய்ந்தவரும் ஆவார். உலோகங்களின் மீட்சியைப் பற்றி 1948இல் சிக்காகோவில் வெளிவந்த அவரது சிறுநூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. அதில் அவர் செய்த பெரும்பணி ஒரு வகைப்பாடும் அதற்கேற்ற ஒரு புதுச்சொல்லும் ஆகும்.

விசைக்கு உட்பட்ட பொருளின் வடிவமாற்றம் விசை நீங்கியவுடன் முழுதும் மறைந்தால் அது மீட்சி. விசை நீங்கிய பின்னும் நிலைத்துவிட்டால் அது நிலைத்த உருமாற்றம். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதொன்று உண்டு. அது முழுதும் மறையும். ஆனால் உடனே மறையாது. அதற்குச் செனர், மீட்சியைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் கிரேக்க மொழியின் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து ஒரு பெயர் ஆக்கினார். பாகுநிலை, உராய்வு என்னும் பழைய உருவகங்களை விலக்கி, காலத்தாழ்வு ஒன்றையே அடையாளமாகக் கொண்ட தனி வகை அப்பெயரால் நிலைபெற்றது.

அதே காலத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சீன நாட்டு அறிஞர் கெ திங்சுவெய், அளவிடும் கருவியைச் செம்மைப்படுத்தினார். மெல்லிய கம்பி ஒன்று, அதனைச் சூழ ஓர் உலை, கீழே ஒரு சுமைத்தண்டு, தண்டோடு ஒட்டிய சிறு கண்ணாடி, அதிலிருந்து திரும்பும் ஒளிக்கதிர் ஆகியவற்றைக் கொண்ட முறுக்கு ஊசல் அது. வெப்பநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அலைவு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று கணக்கிடலாம். இக்கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் 1949இல் சீனா திரும்பிப் பல்லாண்டுகள் இத்துறையை அங்கு வளர்த்தார். அவரது குடும்பப்பெயரின் முதல் எழுத்தை அவருடைய பழைய கட்டுரைகள் ஒரு வகையாகவும் இன்றைய பின்யின் முறை வேறு வகையாகவும் உரோமன் எழுத்தில் எழுதுவதால், இருவர் என மயங்குவோரும் உண்டு. தமிழில் சொல்லின் முதலில் வரும் ககரம் அவ்வொலிக்கு மிக நெருங்கியது.

கெயின் 1947ஆம் ஆண்டு ஆய்வு, பழைய உருவகத்துக்கும் ஓரிடம் உண்டு என்று காட்டியது. உலோகம் பெரும்பாலும் பல சிறு படிகங்களின் கூட்டம். ஒரே படிகமாலான அலுமினியக் கம்பியில் காணப்படாத ஓர் உச்சம், பல படிகங்களாலான கம்பியிற் காணப்பட்டது. படிகங்களின் எல்லையில் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்குவதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். ஆகவே கெல்வினின் பாகுநிலை முற்றிலும் பிழையன்று. அது எங்கும் பொருந்தும் என்று கொண்டதே பிழை.

4. குறைபாடுகளும் கரிமமும்

படிகங்களில் அணுவரிசைகள் எங்கும் ஒழுங்காக இருப்பதில்லை. ஓர் அணு இல்லாத வெற்றிடமும் இடையிற் புகுந்த அணுவும் புள்ளிக் குறைபாடுகள். ஓர் அணுத்தளம் பாதியிலேயே முடிந்துவிட, அதன் விளிம்பு ஒரு கோடாக நீள்வது கோட்டுக் குறைபாடு. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தனர். குறைபாடு என்னும் சொல் இழிவுப் பொருள் தருவது. ஆயினும் இக்கோடுகள் நகர்வதாலேயே உலோகத்தை வளைக்கவும் தகடாக அடிக்கவும் இயல்கிறது.

இக்கோட்டின் ஒரு பக்கத்தில் அணுக்கள் நெருக்குண்டும் மறுபக்கத்தில் விலகியும் நிற்கும். விலகிய பக்கம் கரிமத்துக்கு வசதியான இடம். 1949இல் காட்ரெல், பில்பி ஆகியோர், கரைந்த கரிம அணுக்கள் இக்கோடுகளை நாடிச் சென்று மேகம்போற் சூழ்ந்து அவற்றை நகரவிடாமற் பிணிக்கின்றன என்று காட்டினர். அவ்வாறு சேரும் அளவு, தொடக்கத்தில் காலத்தின் மூன்றில் இரண்டு என்னும் அடுக்கைப் பின்பற்றும் என்றும் கணக்கிட்டனர்.

இக்கணக்கை எவ்வாறு சோதிப்பது? வேதியியற் பகுப்பாய்வு இரும்பில் மொத்தம் எவ்வளவு கரிமம் உள்ளது என்று கூறும். அது எங்கே உள்ளது என்று கூறாது. ஸ்நூக் உச்சமோ கட்டற்றுத் தாவக்கூடிய கரிமத்தை மட்டுமே எண்ணுகிறது. உச்சத்தின் உயரம் அவ்வளவுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. கோட்டுக் குறைபாட்டில் சிக்கிய கரிமமும், இரும்போடு சேர்ந்து கார்பைடாகப் பிரிந்த கரிமமும் அதிற் பங்கு கொள்வதில்லை. 1951இல் ஆர்ப்பர் என்பவர், குளிர்நிலையில் உருமாற்றிய இரும்பில் இவ்வுச்சம் நாளடைவில் குறைவதை அளந்து, காட்ரெல், பில்பி ஆகியோரின் கணக்கோடு ஒத்திருப்பதைக் கண்டார்.

உச்சம் குறைந்த கரிமம் அமைதியாகிவிடுவதும் இல்லை. உருமாற்றிய இரும்பைச் சூடாக்கினால், 200 பாகைக்கு மேல் அகன்றதோர் உச்சம் தோன்றுகிறது. செருமானிய அறிஞர் கோசுட்டரும் அவருடன் பணியாற்றியோரும் 1954இல் இதனை விரிவாக ஆராய்ந்ததால் அது ஸ்நூக்–கோசுட்டர் உச்சம் எனப்படுகிறது. கோடு வில்லைப்போல் வளையும்போது தன்னைச் சூழ்ந்த கரிமத்தையும் இழுத்துச் செல்கிறது என்று சோயெக் 1963இல் விளக்கினார். கோட்டில் சிறு மடிப்புகள் இணையிணையாகத் தோன்றுவதோடு கரிமத்தின் நகர்வு பிணைந்துள்ளது என்று சீகர் 1979இல் விளக்கினார். கரிமம், குறைபாடு ஆகிய இரண்டில் ஒன்று இல்லையெனினும் இவ்வுச்சம் இல்லை.

பிற உலோகங்கள் சேரும்போது நிலை மேலும் சிக்கலாகிறது. மாங்கனீசு கலந்த இரும்பில் நைட்ரசனுக்குரிய உச்சம் தனித்த ஒன்றாக நில்லாமல் அகன்றும் பிரிந்தும் தோன்றும். மாங்கனீசுக்கு அருகிலுள்ள இடங்கள் நைட்ரசனுக்கு வேறுபட்ட இடங்களாகிவிடுகின்றன. துருப்பிடிக்காத எஃகு வகைகள் பலவற்றில் அணுக்கள் முகமையக் கனச்சதுரமாக அமைந்துள்ளன. அங்கு இடைவெளி எல்லாத் திசையிலும் ஒத்திருப்பதால் தனித்த கரிம அணு உச்சம் தருவதில்லை. கரிமம் மற்றொரு கரிமத்தோடோ வேற்று உலோக அணுவோடோ இணைசேர்ந்தால் மட்டுமே திசை வேறுபாடு உண்டாகிறது. 1953இல் பின்கெல்சுட்டைன், ரோசின் ஆகிய உருசிய அறிஞர் இவ்வகை உச்சத்தை அறிவித்தனர்.

இவை ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் செய்திகள் அல்ல. மகிழுந்தின் வெளித்தகட்டுக்கான ஒருவகை எஃகில் மிகச் சிறிதளவு கரிமத்தைக் கரைந்த நிலையில் விட்டுவைக்கின்றனர். தகடு மென்மையாக இருக்கும்போது அச்சில் அழுத்தி வடிவமைப்பர். அழுத்தத்தாற் புதிய கோட்டுக் குறைபாடுகள் தோன்றும். பிறகு வண்ணம் உலர 170 பாகையளவில் உலையில் வைக்கும்போது, கரிமம் அக்கோடுகளைச் சென்று பிணித்துத் தகட்டை உறுதியாக்கும். கரைந்த கரிமம் கூடினால் தகடு உலைக்குச் செல்லுமுன்னரே நாட்பட இறுகி, அழுத்தும்போது வரிவரியான வடுக்கள் தோன்றும். குறைந்தால் உறுதி கிட்டாது. இந்நுண்ணளவை அறியும் வழிகளுள் ஒன்று, அடங்கும் அலைவை எண்ணுவதே.

5. தமிழில் எவ்வாறு சொல்வது?

செனரின் சொல்லுக்கு மீள்வோம். எதிர்மறை முன்னொட்டைக் கண்டவுடன் அதனை ‘மீட்சியற்ற’ என்று மொழிபெயர்க்கத் தோன்றும். உறுப்புக்கு உறுப்பு நேராகப் பெயர்த்த அச்சொல் இலக்கணப்படி குறையற்றது, பொருட்படி நேர்மாறானது. அவர் குறித்த நிகழ்வில் மீட்சி முழுமையாக உண்டு; உடனடித்தன்மை ஒன்றே இல்லை. ‘மீட்சியற்ற’ என்னும் பெயரை மனப்பாடம் செய்யும் மாணவன், நிலைத்த உருமாற்றத்தையும் இதனையும் ஒன்றெனக் கொள்வான். செனர் பிரித்துவைத்ததை நம் மொழிபெயர்ப்பு மீண்டும் கலந்துவிடும். ‘தாமத மீட்சி’ என்று வழங்கினால் எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்லைக் கேட்டவுடன் நிகழ்வை ஊகித்துக்கொள்வான். தூய தமிழ் வேண்டுவோர் ‘காலந்தாழ் மீட்சி’ எனலாம்.

அப்படியானால் அக உராய்வு என்னும் சொல்லை நீக்கிவிடலாமா? அது தேவையில்லை என்பது நம் கருத்து. ஞாயிறு எழுகிறது என்று கூறுவதால் எவரும் புவியின் சுழற்சியை மறுப்பதில்லை. அலைவு ஒன்றுக்கு எவ்வளவு ஆற்றல் இழக்கப்படுகிறது என்னும் அளவின் பெயராக அக உராய்வு உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. தமிழிலும் அவ்வாறே நிற்கட்டும். ஆனால் அளவின் பெயர் அது, காரணத்தின் பெயர் அன்று என்பதை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே தெளிவாக்க வேண்டும். ‘உள்ளே உராய்வது எது?’ என்று மாணவன் கேட்பானாயின், அவன் சொல்லைச் சரியாகவே கேட்டிருக்கிறான் என்று பொருள். கரிம அணுவின் தாவல், கோட்டின் நகர்வு, படிக எல்லையின் வழுக்கல் ஆகியவற்றை அவ்வினாவிலிருந்தே தொடங்கிக் கற்பிக்கலாம்.

கலைச்சொல்லாக்கக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிறமொழிச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்ப்பதற்கு முன், அச்சொல் எந்த ஆண்டில், எந்தக் கருத்தை மறுக்கவோ நிறுவவோ பிறந்தது என்று கேட்டறிய வேண்டும். அவ்வரலாறு தெரிந்த பின்னரே நம் வேர்ச்சொற்களைத் தேட வேண்டும். அறிவியல் ஆசிரியரும் மொழியாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. ஒரு பாடத்தின் பத்துச் சொற்களையேனும் இவ்வாறு ஆராய்ந்து, வகுப்பறையில் வழங்கிப் பார்த்து, மாணவர்க்கு எது விளங்கியது என்று குறித்துவைத்தால், அடுத்த பாடநூலுக்கு அதுவே உறுதியான அடித்தளமாகும்.